சின்னராசாவுக்கு ரோல்ஸ் குடுக்க வேண்டாம்

பாரிஸின் லாச்சப்பலில் இருபத்தாறு வருடம் குடியிருந்தும் யேசுரட்ணத்தைத் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேர்கூட இல்லை. குற்றம் அவருடையதுதான். விடியும் முன் படியிறங்கிப் போவார், இருட்டிய பிறகு படியேறி வருவார். பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகம். அதன் குசினியில் முதலில் கோப்பை கழுவினார், பிறகு வெங்காயம் உரித்தார், பிறகு வெங்காயம் வெட்டினார். இவ்வளவுதான் அவர் கண்ட பதவி உயர்வு. வாய் திறந்து நாலு வார்த்தை பேச அந்த மனிதருக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும்.

2015 ஆவணியில் ஒரு மத்தியானம் அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் இரண்டு கம்பிச் சுருள் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வேலை இல்லை. டொக்டர் போட்டது இரண்டே இரண்டு கட்டளை. எண்ணெயில் பொரித்தது எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். முதல் கட்டளையை மனைவி புஸ்பராணி கையில் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓர் அப்பளம்கூடப் பொரியவில்லை. இரண்டாவதுதான் இழுபறி.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு நடந்தனீங்களோ?”

“ஓம், யன்னலடி மட்டும் போய் வந்தனான்.”

“உங்களோடை கதைச்சு என்ரை பிறஷர்தான் ஏறுது.”

“தனியச் சும்மா றோட்டிலை நடந்தா விசரன் எண்டெல்லோ சனம் சொல்லும்?”

ஒரு வருடத்துக்கு மேல் இந்தக் கதைதான். ஒரே மகள் றஜனி பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிறாள், ருவாஸி விமான நிலையத்தில் வேலை. அவளோடு வேலை செய்யும் மதாம் லெஃபோர் என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஒரு கிறுக்கு. அயர்லாந்தில் பந்தயம் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாய்களை வான் வண்டியில் ஏற்றிக் கப்பல் ஏறி இங்கே கொண்டுவந்து வீடு தேடிக் கொடுப்பார். அதற்கென்று ஒரு சின்னச் சங்கமும் வைத்திருந்தார். 2016 கார்த்திகையில் வந்த வண்டியில் ஒரு நாய்க்கு மட்டும் வீடு அகப்படவில்லை. றஜனி தகப்பனை நினைத்தாள். தனியே நடந்தால்தானே விசரன்?

நிபந்தனையை மதாம் லெஃபோர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார். நத்தார், கிறிஸ்மஸ் நேரத்தில் ஆசைப்பட்டு நாய் கேட்கிறவர்கள் தையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே ஒரு மாதம் பரீட்சை. நத்தாருக்கு மறுநாள் தானே நேரில் வருவார். எல்லாம் ஒழுங்கென்றால் கையெழுத்து, இல்லையென்றால் நாய் தன்னோடு திரும்பி வரும். அதுவரை அது சங்கத்தின் நாய். கூடவே ஒரு கடுதாசியும் வந்தது. கயிறு இல்லாமல் வெளியே விடக் கூடாது, குளிருக்குச் சட்டை போட வேண்டும், நாய்த்தீனி இத்தனை கோப்பை, மனிதச் சாப்பாடு ஒரு பருக்கையும் கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதேதோ இருந்தது. புஸ்பராணி அதை மரியாதையாக மடித்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தார். பொடி எழுத்தை வாசிக்க யாருக்கு நேரம்?

றஜனி நாயைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கி, கயிற்றைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். யேசுரட்ணம் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்க்கவில்லை. கருஞ்சாம்பல் நிறம், நெட்டைக் கால், எண்ணிவிடக் கூடிய விலா எலும்பு, இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்திய எழுத்து. நாற்பது பந்தயம் ஓடியதாம், முன்னங்கால் சுளுக்கியதும் வேலை போய்விட்டதாம். யேசுரட்ணத்துக்கு அந்தக் கதை நன்றாக விளங்கியது.

வீடு முதலாம் மாடி. பத்தொன்பது படி. அந்த நாய் பிறந்ததிலிருந்து படி என்ற ஒன்றைக் கண்டதில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் வரவில்லை. தூக்கலாமென்றாலோ, நெஞ்சுக்குள் கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு கிலோவை எப்படித் தூக்குவது?

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சுகிர்தத்தின் சாப்பாட்டுக்கடை. சுகிர்தம் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணை உது, மானோ?”

“நாய்.”

“ஐயோ, எலும்பும் தோலுமாய்க் கிடக்குது! பாவத்துக்குப் பசிக்குது போலை, அதுதான் ஏறுதில்லை. பொறுங்கோ.”

உள்ளே போய் எண்ணெயில் பொரித்தெடுத்த ஒரு மட்டன் ரோல்ஸோடு வந்தார். சுடச்சுட. யேசுரட்ணம் ஒரு துண்டு பிய்த்து முதலாம் படியில் வைத்தார். நாயின் மூக்கு அசைந்தது. ஒரு கால் ஏறியது. பத்தொன்பது படிக்குப் பத்தொன்பது துண்டு. மேலே கதவைத் திறந்த புஸ்பராணி, நாய் தானாக ஏறி வருவதைக் கண்டு, “கெட்டிக்காரனாய் இருக்குதே” என்றார்.  யேசுரட்ணம் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பெயர் வைப்பதில் ஒரு சண்டை. அயர்லாந்துக் கடுதாசியில் இருந்த பெயர் வாய்க்குள் நுழையவில்லை. “சின்னராசா” என்றார் யேசுரட்ணம்.

“என்ரை சின்ன மாமாவின்ரை பேர் எல்லோ அது! மனிசன் ஊரிலை, பேசாலையிலை, உயிரோடை இருக்கிறார்!”

“நல்ல பேரெண்டபடியால்தானே வைக்கிறன்.”

“நீங்கள் வைச்சுக் கூப்பிடுங்கோ. என்ரை வாயாலை மாமாவை நான் வா, போ எண்டு கூப்பிடமாட்டன்.” சொன்னபடியே அவர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. “உங்கடை நாய்” என்பார். ஆனால் ஊருக்கெல்லாம் கலியாணச் சட்டை தைக்கிற தையல் மெஷினில், யேசுரட்ணத்தின் பழைய குளிர் ஜக்கெட்டை வெட்டி, கழுத்துப் பட்டியோடு நாய்க்கு ஒரு சட்டை தைத்தவரும் அவர்தான். அதைப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கிய அன்று, ஜக்கெட்டை அடையாளம் கண்ட சனம் யேசுரட்ணத்தையும் அடையாளம் கண்டுகொண்டது.

நடந்தார்கள். லாச்சப்பலிலிருந்து வில்லெத் வாய்க்கால் கரைவரை, அங்கிருந்து திரும்பி. முதல் நாள் அரை மணித்தியாலம், முதல் வாரம் முடிய ஒரு மணித்தியாலம், பிறகு மணிக்கூடு பார்ப்பதை விட்டுவிட்டார். மின்னல் மாதிரி ஓடிய நாய் என்கிறார்கள், வீட்டுக்குள்ளோ அதைப்போல ஒரு சோம்பேறியைப் பார்க்க முடியாது. சோபாவில் மல்லாந்து நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கும். கண்ணாடியில் தன்னைக் கண்டு எழும்பிப் போய்விடும். சந்தோசம் வந்தால் குரைக்காது. பல்லைக் கடகடவென்று அடிக்கும். எல்லாவற்றையும்விட ஒரு பழக்கம் அதற்கு இருந்தது. நிற்கிற மனிதரின் காலோடு பக்கவாட்டில் வந்து, முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொள்ளும். யேசுரட்ணத்தில் அப்படி யாரும் சாய்ந்து எத்தனையோ காலம். அசையாமல் நிற்பார். கால் விறைத்தாலும் நிற்பார்.

வீதியும் மாறியது. முன்பு யாரையும் பார்க்காமல் போன மனிதர் இப்போது ஐந்து அடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. பலசரக்குக்கடை இராஜேந்திரன், “சின்னராசா அண்ணை சுகமோ?” என்று நாயிடம் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் திரும்புவார். மரக்கறிக்கடை வள்ளிநாயகி நாயின் காதைத் தடவிவிட்டுத்தான் கீரை நிறுப்பார். யேசுரட்ணம் வாய்விட்டுச் சிரிப்பதை அந்தச் சனம் அந்த மார்கழியில்தான் கண்டது. றஜனி ஞாயிறுகளில் வந்து தகப்பனைப் பார்த்துவிட்டுத் தாயிடம் பிரெஞ்சில் குசுகுசுப்பாள்: இது நம்முடைய அப்பாதானா?

ஆனால் ஒரு இரகசியம் இருந்தது. படி ஏற்றிய அந்த ரோல்ஸ் ஒரு நாளோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் நடந்து முடிந்து வரும்போது சுகிர்தத்திடம் ஒரு ரோல்ஸ், “நாய்க்கு” என்று சொல்லி. வாசலில் தபால்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பாதியை யேசுரட்ணம் விழுங்குவார். ஒன்றேகால் வருடம் பொரித்த சாமான் காணாத நாக்கு அல்லவா! மற்றப் பாதி துண்டு துண்டாகப் படியேறும். சின்னராசா ரோல்ஸ் இல்லாமல் ஏறுமா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் பயம். தன்னை நம்பி ஏறுகிறதா, ரோல்ஸை நம்பி ஏறுகிறதா என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

மார்கழி இருபத்தோராம் திகதி காலையில் சின்னராசா சோபாவை விட்டு எழும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல் முரசு வெள்ளைக் கடுதாசி போல இருந்தது. கஷ்டப்பட்டு எழும்பி நின்ற இடத்திலேயே பெய்த மூத்திரம் தேத்தண்ணி நிறம். வீட்டுக்குள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. செய்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. புஸ்பராணி ஏசவில்லை. துணி எடுத்துத் துடைத்துவிட்டு, “உடுப்பை மாத்துங்கோ, டொக்டரிட்டைப் போவம்” என்றார். அடுத்த வீட்டுப் பொடியன்கள் இரண்டு பேர் நாயைப் போர்வையில் வைத்துக் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். டாக்சி பிடித்துப் போனார்கள்.

மிருக வைத்தியர் இளம் பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கியது. சிவப்பணுக்கள் உடைந்து போய்க்கொண்டிருக்கின்றன, இரத்தம் பாதிகூட இல்லை என்றார். பிறகு கேட்டார், பிரெஞ்சில், மெதுவாக:

“என்ன சாப்பிடுகிறது?”

“நாய்த்தீனி மட்டும்தான், மதாம்,” என்றார் புஸ்பராணி. வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்து பழகிய பிரெஞ்சு, தடங்கல் இல்லை. “கோப்பையால் அளந்து நான்தான் போடுகிறேன்.”

“வெங்காயம்? உள்ளிப்பூண்டு? கொஞ்சம்கூட இல்லையா? நாய்க்கு அது நஞ்சு.”

யேசுரட்ணத்துக்குப் பிரெஞ்சில் எந்தச் சொல் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் தெரியும். இத்தனை வருடம் மூட்டை மூட்டையாக உரித்த சாமான். சுகிர்தத்தின் ரோல்ஸுக்குள் இறைச்சிக்குச் சமமாக வெங்காயம் கிடக்கும். அதுதான் அதன் ருசியே.  பக்கத்தில் மனைவி. சொன்னால் நாய் தின்றது மட்டுமா வெளியே வரும்?

“நோன், மதாம்,” என்றார்.

வைத்தியர் தலையாட்டினார். அப்படியானால் உண்ணியால் வருகிற காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, நாளை பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை பொறுப்போம் என்று எழுதத் தொடங்கினார். மேசையிலிருந்து கீழே விட்டதும் சின்னராசா நாலு அடி தள்ளாடி நடந்து வந்து, யேசுரட்ணத்தின் முழங்காலோடு சாய்ந்தது. வழக்கமாக அந்தச் சாய்வில் அவர் கொஞ்சம் ஆடிப்போவார். இன்றைக்கு அதில் பாரமே இல்லை.

அட மானங்கெட்டவனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“மதாம்!” என்று கூப்பிட்டார். “வுய். ஒன்யோன். நான்தான். ஒவ்வொரு நாளும்.”

வைத்தியரின் பேனை நின்றது. புஸ்பராணி திரும்பினார்.

“என்ன ஒன்யோன்? எங்கை வெங்காயம்?”

“ரோல்ஸ்.”

“ஆற்றை ரோல்ஸ்?”

“சுகிர்தத்தின்ரை.”

“நாய்க்கோ?”

“பாதி.”

“மற்றப் பாதி?”

யேசுரட்ணம் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். புஸ்பராணிக்கு விளங்கிவிட்டது. இருபத்தொன்பது வருடக் குடித்தனம், விளங்காதா? “வீட்டை வாங்கோ, கதைப்பம்” என்று மட்டும் சொன்னார். அது ஏச்சைவிடப் பயங்கரம்.

வைத்தியருக்கோ கணக்குச் சரிவரவில்லை. முப்பத்திரண்டு கிலோ நாய், நாளுக்கு அரைத் துண்டால் இந்த நிலைக்கு வராதே என்றார். இன்னும் எங்கேயோ தின்றிருக்க வேண்டும், எவ்வளவு காலம், எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது. அதைவிட அவசரம், இரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். உரிமையாளர் யார்? கடுதாசியின்படி மதாம் லெஃபோர்.

அந்தத் தொலைபேசியை றஜனியைக் கொண்டு எடுப்பித்திருக்கலாம். யேசுரட்ணம் எடுப்பிக்கவில்லை. தானே எடுத்தார், தன் குசினிப் பிரெஞ்சில் தானே சொன்னார். வெங்காயம் நான் கொடுத்தேன், முதலில் பொய்யும் சொன்னேன், நாய் சாகக் கிடக்கிறது, இரத்தம் ஏற்ற வேண்டுமாம்.  மறுபக்கத்திலிருந்து, “நோறாவைக் கொண்டு வருகிறேன்” என்று மட்டும் பதில் வந்தது.

நோறா மதாம் லெஃபோரின் சொந்த நாய். அதுவும் ஓடி முடித்த பெட்டைதான். இந்த ஓட்ட நாய்களின் இரத்தம் கெட்டி, மற்ற நாய்களுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்று வைத்தியர் சொன்னார்.

அவர்கள் வரும்வரை புஸ்பராணி சும்மா இருக்கவில்லை. லாச்சப்பலுக்குத் திரும்பி, கடை கடையாக ஏறினார். நீதவான் விசாரணை தோற்றுப்போகும். சுகிர்தம் முதல் கேள்வியிலேயே அழுதுவிட்டார்.

“அண்ணைக்கு ஒண்டு குடுக்கிறனான்தான் அக்கா. ஆனா அவர் முன்கடைக்குப் பால் வாங்கப் போகேக்கை, அது வெளியிலை கட்டிக் கிடக்கும். பார்க்கேலாமல் நான் இன்னும் ரெண்டு...”

இராஜேந்திரன் மிச்ச வடையெல்லாம் தான்தான் கொடுத்தது என்றார். வெங்காயம் போட்ட வடை. வள்ளிநாயகி, மத்தியானம் தான் சாப்பிடும் கொத்துரொட்டியில் பாதி. எல்லோருக்கும் ஒரே நினைப்பு: நாம் ஒருவர்தான் கொடுக்கிறோம். எல்லோருக்கும் ஒரே காரணம்: எலும்பு தெரிகிற உயிரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? வள்ளிநாயகிக்கு ரோசமும் வந்துவிட்டது.

“குறை நினையாதையுங்கோ அக்கா. நீங்கள் வீட்டிலை வடிவாச் சாப்பாடு போட்டிருந்தால் நாங்கள் ஏன் போடப்போறம்?”

“அந்த நாய் அப்பிடித்தானடி இருக்கும்! ஓடுற நாய்!” என்று கத்தினார் புஸ்பராணி. கத்திவிட்டு, நடைபாதையில் நின்று அவரும் அழுதார். தானும் முதல் வாரம் கோப்பையில் இரண்டு கை தீனி கூடப் போட்டது அவருக்குத்தானே தெரியும். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் சின்னராசா ஒரு நாளைக்கு ஐந்து பேர் கையால் சாப்பிட்டிருக்கிறது.

அன்று பின்னேரம் கிளினிக்கில் நோறாவின் இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சின்னராசாவுக்குள் இறங்கியது. நரைத்த குட்டைமயிர் மதாம் லெஃபோர் வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யேசுரட்ணம் அவர் முன்னால் போய் நின்று கயிற்றை நீட்டினார்.

“எடுங்கள், மதாம். எனக்குத் தகுதி இல்லை. உயிர் தப்பினால் நல்ல வீட்டில் கொடுங்கள்.”

மதாம் லெஃபோர் கயிற்றை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. “இன்றைக்கு அதைப் பேச வேண்டாம்” என்றார். யேசுரட்ணம் அந்த இரவு முழுக்க அந்த வசனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் நல்லது எதுவும் அகப்படவில்லை.

மூன்று நாள். இரண்டாம் நாள் முரசு இளஞ்சிவப்பானது. மூன்றாம் நாள் தீனியைத் தின்றது. இருபத்துநாலாம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், மதாம் லெஃபோரிடமிருந்து செய்தி வந்தது: சொன்ன நாளுக்கு முன்பே, இன்றைக்கு மூன்று மணிக்கு நாயோடு வருகிறேன், அங்கே முடிவு செய்வோம்.

அன்று வீட்டில் பாலன் குடில் கட்டியிருந்தது, கேக் வெட்டி அடுக்கியிருந்தது, பின்னேரப் பூசைக்குப் போட உடுப்பு அயர்ன் பண்ணித் தொங்கியது. யேசுரட்ணம் எதையும் பார்க்கவில்லை. ஒரு பை எடுத்தார். ஜக்கெட்டில் தைத்த சட்டை, தண்ணிக் கோப்பை, போர்வை, மாதாவுக்குப் பின்னாலிருந்த கடுதாசி எல்லாவற்றையும் மடித்து வைத்துக் கதவடியில் விட்டார். கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. புஸ்பராணி பார்த்துக்கொண்டு நின்றார். மற்றப் பாதி ரோல்ஸுக்கான ஏச்சை அவர் மூன்று நாளாகத் தவணை முறையில் கொடுத்து முடித்திருந்தார்.

இரண்டரைக்கே கீழே இறங்கினார். சுகிர்தத்தின் கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு மட்டை ஒட்டியிருந்தது: ‘சின்னராசாவுக்கு ரோல்ஸ் குடுக்க வேண்டாம்.’ எதிரே இராஜேந்திரனின் கடையிலும் அதே வசனம். அவர் அடியில் ‘வடையும்’ என்று சேர்த்திருந்தார். மரக்கறிக்கடையில் வள்ளிநாயகி பிரெஞ்சிலும் எழுதி ஒட்டியிருந்தார். யேசுரட்ணம் அந்த மட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்தாறு வருடத்தில் இந்தத் தெரு தனக்காக ஒன்று செய்தது அவருக்கு இதுதான் முதல் தடவை. 

கார் வந்தது. றஜனி இறங்கினாள், மதாம் லெஃபோர் இறங்கினார், முன்னங்காலில் மயிர் வழித்த சின்னராசா இறங்கியது. நேரே வந்து அவர் தொடையோடு சாய்ந்தது. பல் கடகடவென்று அடித்தது. பழைய பாரம். யேசுரட்ணம் ஓர் அடி ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மதாம் லெஃபோர் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். றஜனி மொழிபெயர்த்தாள். வாசலில் நின்ற சனம் கையை எல்லாம் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

“படி எத்தனை?” என்று கேட்டார் மதாம் லெஃபோர்.

“பத்தொன்பது.”

“மெதுவாக, ஓய்வெடுத்து ஏறலாம் என்று வைத்தியர் சொன்னார். எப்படி ஏற்றுவீர்கள்?”

யேசுரட்ணத்துக்குப் பொய் சொல்லித் தீர்ந்துவிட்டது. “தெரியாது, மதாம். இதுவரை ரோல்ஸ்தான் ஏற்றியது. நான் ஏற்றியதில்லை.”

“பார்ப்போம்,” என்றார் அவர்.

யேசுரட்ணம் மூன்று படி ஏறினார். திரும்பி உட்கார்ந்தார். சின்னராசா கீழே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது, முதல் நாள் நின்ற மாதிரியே. சுகிர்தத்தின் கடையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. நாயின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது.  யேசுரட்ணம் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார்.

“ஒண்டுமில்லையடா ராசா. பார், ஒண்டுமில்லை. நான் மட்டும்தான் இருக்கிறன்.”

சின்னராசா கழுத்தை நீட்டி இடது கையை முகர்ந்தது. வலது கையை முகர்ந்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, மயிர் வழித்த காலைத் தூக்கி முதலாம் படியில் வைத்தது.

யேசுரட்ணம் உட்கார்ந்தபடியே பின்னோக்கி ஒவ்வொரு படியாக நகர்ந்தார். நாய் ஒவ்வொரு படியாக ஏறியது. ஒன்பதாம் படியில் வளைவு. அங்கே இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள். சின்னராசா அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. அவர் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மெர்சி, மெர்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றி நாய்க்கா, நோறாவுக்கா, மாதாவுக்கா, கீழே நின்ற சனத்துக்கா என்று அவருக்கே தெரியாது. எல்லோருக்கும்தான்.

கீழே மதாம் லெஃபோர் இரண்டாம் படியில் உட்கார்ந்து, முழங்காலில் கடுதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழும்பி வந்து பேனையோடு யேசுரட்ணத்திடம் நீட்டினார்.

“அந்த வைத்தியர் உங்கள் பொய்யை நம்பியிருந்தார்,” என்றார். “நாய்க்காகத்தான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எனக்கு அது போதும். இதில் போடுங்கள்.”

 யேசுரட்ணம் போட்ட கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

மேலே கதவு திறந்தது. புஸ்பராணி நின்றார். கையில் ஜக்கெட்டில் தைத்த சட்டை. கதவடியில் இருந்த பை வெறுமையாகக் கிடந்தது. அவர் எப்போதோ எல்லாவற்றையும் எடுத்து இருந்த இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டார்.

“குளிரெல்லாம் உள்ளை வருகுது, எவ்வளவு நேரம் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?” என்றார். பிறகு குரல் இறங்கியது. மாமாவின் பெயர் அல்லவா, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

“வாங்கோ சின்னராசா. வாங்கோ, வீட்டை வாங்கோ.”

நாய் மிச்சப் பத்துப் படியையும் யாருடைய கையையும் பார்க்காமல் ஏறிப் போனது. தன்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு யேசுரட்ணமும் எழும்பிப் பின்னால் போனார்.